பால்கனியில் நிற்கும் ஆடிட்டர்: பூபேன் கக்கர் வரைந்த உடல்கள்



பேச்சைத் தொடங்கும் முன் திரையில் இருக்கும் படத்தைச் சற்று நேரம் பாருங்கள். மாடி பால்கனியில் ஓர் ஆண் நிற்கிறார். ஆளுயர உருவம். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. அவர் நம்மைப் பார்க்கவில்லை, கீழே ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊரில் நடப்பது நாம் எல்லோரும் சிறுவயதில் கேட்ட கதை. அப்பனும் மகனும் கழுதையை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கழுதை சும்மாதானே வருகிறது, ஏறிப்போனால் என்ன என்று ஒருவர் சொல்ல, மகன் ஏறிக்கொள்கிறான். பெற்றவனை நடக்கவிட்டு இவன் சவாரி போகிறானே என்று இன்னொருவர் சொல்ல, மகன் இறங்கி அப்பன் ஏறுகிறான். இருவருமாக ஏறினால் வாயில்லா ஜீவனைக் கொல்கிறார்கள் என்று ஒரு பேச்சு. கடைசியில் கழுதையை இவர்கள் சுமக்கவேண்டியதாகிறது. இந்தக் கதையின் பல கட்டங்களை ஓவியர் ஒரே கான்வாஸில், ஒரே ஊருக்குள் வைத்திருக்கிறார். நம் கோயில் சுவரோவியங்களில் ஒரே இராமன் ஒரே வரிசையில் பலமுறை தோன்றுவானே, அந்த முறைதான்.

படத்தின் பெயர் ‘எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது’. ஆண்டு 1981. ஒன்றே முக்கால் மீட்டர் சதுரம், தைல வண்ணம். இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் உடைமை. வரைந்தவர் பூபேன் கக்கர். அப்போது அவருக்கு வயது 47. படித்துத் தேறிய ஆடிட்டர், பரோடாவில் ஒரு கம்பெனியில் பகுதிநேரமாகக் கணக்குப் பார்த்துவந்தார். மீதி நேரம் ஓவியம். ஆண்களை நேசித்தவர். அதை நண்பர்கள் சிலரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாமல் வாழ்ந்தவர். அந்த மறைப்பு உடைந்த இடம் இந்தப் படம்.

எந்த விதத்தில் உடைகிறது என்பதைக் கவனியுங்கள். தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லத் துணிந்த ஓவியர், வெறும் பின்னணியில் தன் முகத்தை மட்டும் வரைந்திருக்கலாம். நவீன ஓவியத்தில் அதற்கு முன்னுதாரணங்கள் ஏராளம். இவர் அப்படிச் செய்யவில்லை. ஆடையைக் களைந்த மனிதரை ஊருக்கு எதிரே நிறுத்தினார். ஊர் பேசிக்கொண்டிருக்கிறது, யாரோ யாரையோ குறை சொல்கிறார்கள், அப்பனும் மகனும் ஒவ்வொருவர் பேச்சுக்கும் வளைகிறார்கள். மேலே நிற்பவர் எல்லாவற்றையும் பார்க்கிறார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவும் இல்லை, ஊரைவிட்டு ஓடவும் இல்லை. கக்கரின் நாற்பதாண்டு வேலை முழுவதும் இந்த நிலைதான் என்பது என் துணிபு. அவர் வரைந்த உடல் எப்போதும் அக்கம்பக்கத்தாரோடு இருக்கும் உடல். அவரிடம் ‘நான் யார்’ என்ற கேள்வியும் அக்கம்பக்கத்தாரை வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விதான்.

அவர் 1934ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். கேத்வாடிப் பகுதியில் வளர்ந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். அப்படிப்பட்ட வீடுகளில் பையன் படித்து நிலையான வேலைக்குப் போவது ஆசை அல்ல, தேவை. ஆடிட்டர் படிப்பை முடித்தார். இடையில் ஜே.ஜே. கலைப்பள்ளியில் மாலை வகுப்புகளுக்குப் போனார். ஓவியர் குலாம் முகம்மது ஷேக்கின் நட்பு கிடைத்தது. அவர் தூண்டியதன் பேரில் 1962இல் பரோடா போய்ச் சேர்ந்தார். மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் அவர் சேர்ந்தது ஓவியப் பிரிவில் அல்ல, கலை விமர்சனப் பிரிவில். மாதிரி மனிதரை முன்னால் உட்காரவைத்து, எலும்பும் தசையும் அளந்து வரையும் பயிற்சி அவருக்கு முறைப்படி கிடைக்கவே இல்லை.

இது முக்கியம். அவர் படங்களில் கைகள் சற்றுக் குட்டையாக இருக்கும். தோள் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நாற்காலியில் இருப்பவர் நாற்காலியில் பாரம் வைத்து உட்கார்ந்ததுபோல் இருக்காது. இதைக் குறை என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கக்கர் அதை மறைக்க முயலவில்லை. உடற்கூறு தெரிந்த கை வரைந்தால் உடல் தன்னம்பிக்கையோடு நிற்கும். அவர் வரைய விரும்பிய மனிதர்களிடம் அந்தத் தன்னம்பிக்கை கிடையாது. போட்டோ ஸ்டூடியோவில் ‘அசையாதீங்க’ என்று சொன்னதும் விறைத்துப்போய், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பவர்கள் அவர்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் அந்த விறைப்பைப் பார்த்திருப்பீர்கள்.

தொடக்கத்தில், 1965 வாக்கில், அவர் செய்தது ஒட்டுப்படங்கள். கடைகளில் விற்கும் சாமி படங்களை வெட்டி ஒட்டி, மேலே வண்ணம் பூசி, தெருவோரக் கோயில் சுவர்போல ஆக்கினார். அந்தக் காலத்தில் பரோடாவில் ஆசிரியராக இருந்தவர் கே. ஜி. சுப்ரமணியன். கேரளத்தில் கூத்துப்பறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சாந்திநிகேதனில் ஓவியம் கற்றவர். கைவினைக்கும் கலைக்கும் நடுவே கோடு போடாதவர். காலண்டர் படம், நாத்துவாராத் துணி ஓவியம், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஓவியம் எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் பார்க்கலாம் என்ற சூழல் அந்த ஊரில் இருந்தது. கக்கருக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு 1970களின் தொடக்கத்தில் கடைப் படங்கள் வருகின்றன. ‘ஜனதா வாட்ச் ரிப்பேரிங்’, ‘டீலக்ஸ் டெய்லர்ஸ்’ இரண்டும் 1972. சலூன் படம் அதற்கு அடுத்த ஆண்டு. ஐந்துக்கு ஐந்து அடிக் கடை. உள்ளே ஒரு மனிதர். சுற்றிலும் அவர் தொழிலின் சாமான்கள். கடைப்பெயர்ப்பலகை. சுவர்களில் பச்சையும் ரோஸும் நீலமும், சிறு நகரத்து வீடுகளுக்கு அடிக்கும் டிஸ்டெம்பர் நிறங்கள். வாட்ச் கடைக்காரரையும் டெய்லரையும் அதுவரை இந்திய நவீன ஓவியம் எப்படி வரைந்தது? ஒன்று, வரையவே இல்லை. அல்லது ‘உழைக்கும் மக்கள்’ என்று மொத்தமாக, முகமில்லாத வலிமையாக வரைந்தது. உழவனுக்கும் மீனவப் பெண்ணுக்கும் ஓவியத்தில் இடம் இருந்தது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இல்லை. அவரிடம் அழகு இல்லை, துயரமும் கண்ணுக்குத் தெரியும்படி இல்லை. கக்கர் அந்த ஆளைத்தான் உட்காரவைத்தார், பெயர்ப்பலகையோடு.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது, 1970களின் நடுவில் வரைந்த ‘பிளாஸ்டிக் பூங்கொத்து வைத்திருக்கும் மனிதர்’. டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அடுத்த படம், பாருங்கள். நடுவில் நம்மை நேராகப் பார்க்கும் ஒருவர். கையில் பூங்கொத்து. சுற்றிலும் சின்னச் சின்னக் காட்சிகள், அவர் வாழ்க்கையிலிருந்து. இந்த அமைப்பு நமக்கு நன்றாகத் தெரியும். நடுவில் முருகன், சுற்றிலும் திருவிளையாடல்கள் என்று அச்சாகும் பூஜையறைப் படம். தெய்வத்துக்குரிய அந்த நடு இடத்தில் ஒரு நடுத்தர வயது மனிதரை வைத்திருக்கிறார். பூ வாடாது, ஆனால் வாசனையும் கிடையாது. யாருக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருக்கிறார்? படத்தில் பதில் இல்லை. அந்த முகத்தில் ஏமாற்றம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஏமாற்றத்துக்கு முன்பே பழகிப்போன முகம். இந்த மனிதர் யாரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார் என்பது அப்போது வெளியே சொல்லப்படவில்லை. சொல்லப்படாததன் பாரத்தை அந்த விறைத்த கை சுமக்கிறது. பின்னால் வந்த படங்களைப் பார்த்துவிட்டு இங்கே திரும்பினால்தான் இது புரியும்.

இந்தக் காலத்தில் அவர் தன்னையும் படமாக்கிக்கொண்டார். தன் 1972ஆம் ஆண்டுக் கண்காட்சிக் கையேட்டில் ஜேம்ஸ் பாண்டாக, பற்பசை விளம்பர மாடலாக அவரே போஸ் கொடுத்த புகைப்படங்கள் உண்டு. ஆணுடம்பு எப்படி இருக்கவேண்டும் என்று சினிமாவும் விளம்பரமும் சொல்லிக்கொண்டிருந்த அளவுகளில் தன் உடம்பை நுழைத்துப் பார்த்தார். அது நுழையவில்லை என்பதை எல்லோரும் பார்க்கட்டும் என்று அச்சடித்துக் கொடுத்தார். சிரிப்பு வரும் படங்கள்தான். அவர் பிற்காலத்தில் செய்த எல்லாவற்றுக்கும் விதை அங்கே கிடக்கிறது.

1979இல் இங்கிலாந்து. அங்கே பாத் கலைக்கழகத்தில் சில காலம் பாடம் எடுத்தார். ஓவியர் ஹோவர்ட் ஹாட்ஜ்கின் அவருடைய நெடுநாள் நண்பர், அவரோடு தங்கினார். இங்கிலாந்தில் ஆண்களிடையிலான உறவைக் குற்றமாகக் கருதிய சட்டம் 1967இல் தளர்ந்திருந்தது. இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில், அண்டை அயலாருக்குத் தெரிந்தே, சாதாரணமாக வாழ்வதை அங்கே பார்த்தார். தாயாரின் மறைவும் இந்த ஆண்டுகளை ஒட்டித்தான் நிகழ்ந்தது. அம்மா இருக்கும்வரை சொல்ல முடியாது, அம்மா போன பிறகு சொல்லியாகவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள், நண்பர்களே. அவர்களில் சிலர் இந்த அரங்கிலும் இருக்கலாம்.

திரும்பி வந்த பிறகு வரைந்ததுதான் நாம் முதலில் பார்த்த பால்கனிப் படம். அதே 1981இல் ‘மக்களுக்கான இடம்’ என்ற கண்காட்சி நடந்தது. ஷேக், விவான் சுந்தரம், நளினி மலானி, சுதீர் பட்வர்தன், ஜோகன் சௌத்ரி, கக்கர் என ஆறு பேர். அருவ ஓவியம் கோலோச்சிய காலத்தில், மனித உருவத்தையும் கதையையும் மறுபடி கான்வாஸுக்குக் கொண்டுவருகிறோம் என்று அறிவித்த கண்காட்சி அது. விமர்சகர் கீதா கபூர் அதற்காக எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது.  

அடுத்த படத்துக்கு வருகிறேன். ‘பனாரஸில் இரண்டு ஆண்கள்’, 1982. இங்கே பால்கனிக்காரர் தனியாக இல்லை. இரண்டு ஆண்கள் ஆடையின்றி நின்று கட்டித் தழுவுகிறார்கள். ஒருவருக்கு நரைத்த தலை, ஓவியரின் சாயல். இருவரின் ஆசையையும் அவர் எதையும் மறைக்காமல் வரைந்திருக்கிறார். அவர்களைச் சுற்றி நீலம், இரவின் நீலம். படத்தின் மீதிப் பகுதியில் காசி நகரம் அதன்பாட்டுக்கு இருக்கிறது. சின்ன உருவங்களாகச் சாதுக்கள், வழிபடுவோர், சந்நிதிகள், கங்கை.

இந்த உடல்களை நன்றாகப் பாருங்கள். வயிறு இருக்கிறது. தசை இறுக்கம் இல்லை. நம் சிற்ப மரபில் ஆணுடல் என்றால் சிங்க இடை, விரிந்த மார்பு, முழங்கால் தொடும் கை. மேலை மரபில் கிரேக்க இளைஞன். ஆண்மேல் ஆணுக்குள்ள ஆசையை வரைந்த பலரும் அந்த அழகான இளம் உடலைத்தான் நாடினார்கள். கக்கர் நேசித்தவர்கள் பெரும்பாலும் தம்மைவிட மூத்த, எளிய, வேலைக்குப் போய் வருகிற மனிதர்கள். அந்த வாட்ச் கடைக்காரரும் குமாஸ்தாவும்தான் இப்போது சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். பத்தாண்டுகளுக்கு முன் அவர்களை அத்தனை பொறுமையாக வரைந்த கையில் என்ன இருந்தது என்பது இப்போது தெரிகிறது. அது அன்பு. பார்வையாளரை அதிரவைக்கும் நோக்கம் இந்தப் படத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பெரியவர்கள் ஒருவருக்கு ஒருவர் கிடைத்த ஆறுதல் இருக்கிறது.

ஏன் காசி? இந்த உறவை இரகசிய அறைக்குள், நகரத்துக்கு வெளியே, அந்நிய நாட்டில் வைத்து வரைந்திருந்தால் எதிர்ப்பு குறைந்திருக்கும். அவர் வளர்ந்தது வைணவ பக்தி சூழ்ந்த குஜராத்திச் சமூகத்தில். பஜனைக் கூடங்களும் சத்சங்கங்களும் அவருக்கு அந்நியமானவை அல்ல, தொடர்ந்து போய்வந்தவர். ஆண் பக்தன் தன்னைப் பெண்ணாக, சகியாக எண்ணிக் கண்ணனை நேசிக்கும் பாவனை அந்த மரபில் உண்டு. நாயகி பாவம் நமக்கு ஆழ்வார்களிடமிருந்தே தெரியும். ஆகவே காசி அவருக்குச் சவால் விடும் இடம் அல்ல, தாமும் சேர்ந்த இடம். இந்த இருவரும் இந்த ஊரைச் சேர்ந்தவர்கள்தான் என்று படம் சொல்கிறது. இந்த உரிமைதான் பலரைச் சங்கடப்படுத்தியது என்று நினைக்கிறேன்.

1987இல் ‘யயாதி’ என்று ஒன்று வரைந்தார். மகாபாரதக் கதை உங்களுக்குத் தெரியும். சாபத்தால் கிழவனான அரசன் தன் மகன் பூருவிடம் இளமையைக் கேட்டு வாங்குகிறான். கக்கரின் படத்தில் கீழே முதியவர், மேலே சிறகுள்ள உருவம் ஒன்று அவர்மேல் தாழ்கிறது. வயதானவனின் ஆசையை நம் சமூகம் கேலிக்குரியதாகவே பார்க்கிறது. யயாதியையும் பேராசைக்கு உதாரணமாகத்தான் நமக்குச் சொல்லித்தந்தார்கள். இந்த ஓவியர் அந்தக் கிழவன் பக்கம் நிற்கிறார். உடல் தளர்ந்த பிறகும் தொடப்படவேண்டும் என்ற ஏக்கம் தளர்வதில்லை என்பதை இவ்வளவு மரியாதையோடு வேறெந்த இந்திய ஓவியத்திலும் நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளில் நீர்வண்ணத்துக்கு நிறையப் போனார். ‘உன்மேல் உள்ள காதலைச் சொல்ல எனக்கு எத்தனை கைகள் வேண்டும்’ என்று ஒரு படத்துக்குப் பெயர், 1994. பல கை கொண்ட தெய்வ உருவம் காதலனுக்கு இடம் கொடுத்துவிடுகிறது. மூக்கு ஒழுகும் கிழவர் ஒருவருக்கு ஐந்து குறிகள் வைத்து ஒரு படம் உண்டு. அவர் குஜராத்தியில் சிறுகதைகளும் நாடகமும் எழுதியவர், இந்தக் காலத்துப் படத் தலைப்புகளில் அந்தக் கதைசொல்லி இருக்கிறார். எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சில நீர்வண்ணங்கள் அவசரமாக முடிந்தவை.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். இத்தனையும் நடந்தது, ஆண்களிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு உயிரோடு இருந்த நாட்டில். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போன பிரிவு அது. உச்ச நீதிமன்றம் அதை வயது வந்தோரின் இசைவான உறவுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது 2018 செப்டம்பர் 6ஆம் நாள். கக்கர் இறந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. இதே நாட்டின் அரசு 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. படத்துக்கு விருது, படத்தில் இருக்கும் வாழ்க்கைக்குச் சட்டத்தில் தண்டனை. இரண்டுக்கும் நடுவே பரோடாவில் எல்லோருக்கும் வீட்டைத் திறந்துவைத்து அவர் வாழ்ந்தார்.

2016இல் டேட் மாடர்ன் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. லண்டன் நாளிதழ் ஒன்றின் விமர்சகர் அதை மிகக் கடுமையாக எழுதினார், இங்கிருந்து கலைஞர்கள் மறுமொழி எழுதினார்கள். ‘பனாரஸில் இரண்டு ஆண்கள்’ 2019இல் லண்டன் ஏலத்தில் 25 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஏலத் தொகையை வைத்து ஓவியத்தை மதிப்பிடும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் கக்கரை ‘இந்தியாவின் முதல் தன்பாலீர்ப்பு ஓவியர்’ என்ற ஒரே வரியில் அடைக்கும் பழக்கம் இந்தக் கண்காட்சிக்கும் ஏலத்துக்கும் பிறகு வலுத்துவிட்டது. அந்த வரியில் டெய்லர் இல்லை, சலூன் இல்லை, கழுதை இல்லை. அவர் வரைந்த ஆசைக்கு அந்த ஊர்தான் உடம்பு. ஊரைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது அடையாள அட்டை.

கடைசிக் காலப் படங்களுக்கு வருகிறேன். சிலருக்குப் பார்ப்பது சிரமமாக இருக்கலாம், கண்ணை மூடிக்கொண்டால் தவறில்லை. 1998இல் அவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அதுவரை தோலின் ஓவியராக இருந்தவர் தோலைத் திறந்து உள்ளே போனார். ‘நாள் முடிவில் இரும்புக் கட்டிகள் வெளியே வந்தன’, 1999. ஒரு மனிதர் கழிப்பதற்குக் குந்தியிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். மருத்துவமனையில் நெருங்கியவரோடு இருந்தவர்களுக்குத் தெரியும், ஒரு கட்டத்துக்குப் பிறகு வீட்டின் முழுக் கவலையும் அந்த ஒரு காரியத்தில் வந்து நிற்கும். அன்றைக்கு வெளியே போனாரா, எவ்வளவு நேரம் ஆயிற்று, வலித்ததா. நோயாளியும் தாதியும் மட்டும் அறிந்த அந்த வலியை ஆளைக் கொல்லும் உலோகப் பாரமாக அவர் வரைந்தார். ‘வயிற்றில் பாய்ந்த குண்டு’, 2001. வயிறு பிளந்து குடல் வெளியே தெரிகிறது. அதே ஆண்டில் ‘அழகு தோலளவே’ என்று இன்னொன்று.

இவற்றை அருவருப்பு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. வன்முறைக் காலத்தின் உருவகம் என்று விளக்கியவர்களும் உண்டு, அது முழுக்கத் தவறும் அல்ல. நான் இவற்றை 1972இன் கடைப் படங்களோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். முப்பது ஆண்டுகள் முன்பு பிறர் வரையத் தகுதியில்லை என்று விட்ட மனிதரை வரைந்தார். பிறகு அந்த மனிதர் சொல்லக் கூச்சப்பட்ட ஆசையை வரைந்தார். இப்போது அந்த மனிதர் வெளியே காட்ட வெட்கப்படும் நோயை வரைகிறார். முகம் அதே முகம், நடுத்தர வர்க்கத்து முகம். தசையின் சிவப்பும் இளஞ்சிவப்பும் அத்தனை கோரத்திலும் பார்த்துப் பார்த்துப் பூசப்பட்டிருக்கின்றன. காதலரின் தோளுக்குக் கொடுத்த அதே கவனத்தைக் குடலுக்கும் கொடுத்திருக்கிறார். 2003 ஆகஸ்ட் 8ஆம் நாள் பரோடாவில் காலமானார், அந்த ஆண்டுவரை அவர் வேலை நிற்கவில்லை.

டெல்லி போகும் வாய்ப்புள்ளவர்கள் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் என்ன காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். அச்சிலும் திரையிலும் அவருடைய பச்சையும் ரோஸும் சரியாக வருவதில்லை, நேரில்தான் பார்க்கவேண்டும். பிளாஸ்டிக் பூங்கொத்து மனிதரிலிருந்து தொடங்குங்கள். பனாரஸையும் கடைசிக் காலப் படங்களையும் முதலில் பார்த்தவர்கள் சிலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பூங்கொத்துக்காரர் எதிரே கொஞ்ச நேரம் நின்றவருக்கு, காசியில் ஆடையின்றி நிற்பவரும் குடல் சரிய நிற்பவரும் அவர்தான் என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.